புரையேறி வரும் நிமோனியா: ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

பக்கவாதம் வந்து ஐந்தாவது நாள். பெரியவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறுகிறது. ஆனால் கண் திறந்து ஆளை அடையாளம் கண்டுகொள்கிறார். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் “பரவாயில்லை, தேறி வர்றார்” என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் பார்க்க வந்த தங்கை, “அண்ணனுக்குக் காபின்னா உயிராச்சே” என்று பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றி, படுத்திருந்தவர் வாயில் டம்ளரைச் சாய்த்து மடக்கு மடக்காகக் கொடுத்தார். அவர் இருமவே இல்லை. அதனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

ஆறு மணி மருந்து கொடுக்கப் போனபோது “எப்படி இருக்கீங்க ஐயா?” என்று கேட்டேன். பதில் வந்தது. ஆனால் அந்தக் குரல், தொண்டையில் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு பேசுவதுபோல் கொழகொழவென்று இருந்தது. மறுநாள் இரவு 102 டிகிரி காய்ச்சல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் வெள்ளைத் திட்டு. வார்டிலிருந்து ஐசியூவுக்குப் போனார். அந்தத் தங்கை காரிடாரில் நின்று அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. அவருக்கு முன்கூட்டி யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

மெடிக்கல் வார்டில் 17 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு ஊட்டுவது, வாய் துடைப்பது, மூக்கு டியூப்பில் கஞ்சி விடுவது எல்லாம் பெரும்பாலும் கூட இருக்கும் சொந்தக்காரர்கள் கையில்தான் இருக்கிறது. அதனால் முதன்முறையாக ஒருவருக்குத் துணையாக வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

புரையேறினால் தலையில் தட்டி “யாரோ நினைக்கிறாங்க” என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். தொண்டைக்குள் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் அடுத்தடுத்து இருக்கின்றன. விழுங்கும் அந்த ஒரு நொடிக்கு மூச்சு தானாக நிற்கும், குரல்வளை மேலே ஏறும், அதன் மூடி கவிழும், குரல்நாண்கள் ஒட்டிக்கொள்ளும். இதில் ஏதாவது ஒன்று பிந்தினாலும் உணவோ எச்சிலோ தப்பான வழியில் இறங்கும். இதுதான் புரையேறுவது. அப்போது இருமல் வரும். அது நம்மைக் காப்பாற்ற வருவது.

நல்ல உடம்புக்காரர்களுக்கும் தூக்கத்தில் கொஞ்சம் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கத்தான் செய்கிறது. இருமலும் உடம்பின் எதிர்ப்பும் அதைச் சமாளித்துவிடும். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு அந்த இருமல் வலுவில்லாமல் இருக்கலாம், இல்லாமலே போயிருக்கலாம். பக்கவாதத்தில் தொண்டையின் உணர்ச்சி மரத்துப்போனால், உள்ளே போவதே அவருக்குத் தெரியாது. சத்தமில்லாத புரை என்று இதைச் சொல்லலாம். “இருமலையே, நல்லாத்தான் விழுங்கினார்” என்று நீங்கள் சொல்வது எனக்கு ஆறுதல் தராததற்குக் காரணம் இதுதான்.

உள்ளே போவது வாந்தி என்றால் வயிற்று அமிலம் நுரையீரலைச் சுட்டுவிடும். சில மணி நேரத்திலேயே மூச்சு வாங்கும். எச்சிலோடும் உணவோடும் வாய்க்கிருமிகள் போனால் நுரையீரலில் தொற்று உண்டாகும், அதுதான் நிமோனியா. காய்ச்சல் வர ஒரு நாள் இரண்டு நாள்கூட ஆகும். நேற்றுச் சாயங்காலக் காபிக்கும் இன்று இரவுக் காய்ச்சலுக்கும் வீட்டார் முடிச்சுப் போடாமல் விடுவது இதனால்தான். வலது பக்க மூச்சுக்குழாய் இடதைவிட அகலமாகவும் நேராகவும் இருப்பதால் திட்டு பெரும்பாலும் வலது நுரையீரலில் விழுகிறது.

முதல் படி: உங்கள் நோயாளிக்கு எவ்வளவு ஆபத்து என்று அன்றே தெரிந்துகொள்ளுங்கள்

அட்மிஷன் ஆன அன்றே உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இவர் முழுக்க விழித்திருக்கிறாரா? கூப்பிட்டால் கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி சொக்கிப் போகிறவருக்கு வாய்வழியாக எதுவுமே கூடாது. மற்ற எல்லாக் காரணங்களையும்விட நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தலையில் அடி, சர்க்கரை தாழ்ந்து மயக்கம், குடித்துவிட்டு நினைவில்லாமல் கொண்டுவரப்பட்டவர், வலிப்பு வந்து ஓய்ந்தவர் எல்லோரும் இந்த வகைதான். வலிப்பு வந்தவருக்குக் கையில் இரும்பைக் கொடுத்து வாயில் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அது போதும். முழு நினைவு திரும்பும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம்.

அடுத்தது நரம்பு சம்பந்தப்பட்ட நோய்கள். பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் எல்லாம் இதில் வரும். பக்கவாதம் வந்தவர்களை கேமரா, எக்ஸ்ரே வழியாக நுணுக்கமாகப் பரிசோதித்த ஆய்வுகளில் 100 பேரில் 64 முதல் 78 பேருக்கு விழுங்குவதில் கோளாறு தெரிந்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தபோது தெரிந்தது 37 முதல் 45 பேருக்குத்தான். கோளாறு உள்ளவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுடையது கண்ணுக்குத் தெரியாமலே நழுவிவிடுகிறது என்று இதற்குப் பொருள்.

நம் பக்கம் அடிக்கடி வருகிற இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். கட்டுவிரியனோ நல்ல பாம்போ கடித்தவருக்கு இமை தொங்க ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் தொண்டைத் தசையும் தளரும். வாயோரம் எச்சில் வழிவது அதன் அடையாளம். “பயந்துட்டான், கொஞ்சம் டீ கொடுக்கலாம்” என்று நினைக்காதீர்கள். மற்றது, பூச்சிமருந்து குடித்தவர்கள். வீட்டிலேயே உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைத்துக் கொண்டுவருவார்கள். அரை மயக்கத்தில் எடுக்கிற அந்த வாந்தி பாதி நுரையீரலுக்குள் போய்விடுகிறது. குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டாலும் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது.

வெண்டிலேட்டரில் (செயற்கையாக மூச்சு கொடுக்கும் மெஷினில்) இரண்டு நாளுக்கு மேல் இருந்து குழாய் எடுக்கப்பட்டவர்களுக்குத் தொண்டை புண்ணாகி, தளர்ந்து இருக்கும். “ஐசியூவிலிருந்து வந்துட்டார், இனி பயமில்லை” என்று அன்றைக்கே இட்லி வாங்கி வருவார்கள். நர்ஸைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்தவர்கள், குடல் அடைத்து வயிறு உப்பியவர்கள், ஓயாமல் வாந்தி எடுப்பவர்கள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் உண்டு.

மருந்துகளையும் கவனியுங்கள். தூக்க மாத்திரை, மனநல மருந்துகள், கடும் வலிக்கான மருந்துகள் விழிப்பையும் இருமலையும் மழுக்கும். அமிலம் குறைக்கும் மாத்திரை வயிற்றில் கிருமி வளர இடம் கொடுக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். ஆனால் “இந்த ஊசி போட்டதிலிருந்து ரொம்ப சொக்கிப் போறார், சாப்பாடு கொடுக்கட்டுமா?” என்று கேளுங்கள். அது எங்களுக்குப் பெரிய உதவி.

இப்போது முக்கியமான ஒன்று. அமெரிக்காவின் மிச்சிகனில் ஆன் ஆர்பர் நகரில் 189 முதியவர்களை நான்கு வருஷம்வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 1998-இல் வெளிவந்தது. யாருக்குப் புரை நிமோனியா வருகிறது என்பதே கேள்வி. விழுங்கும் கோளாறு மட்டும் போதிய காரணமாக இல்லை. இன்னொருவர் ஊட்டித்தான் சாப்பிட வேண்டிய நிலை, வாயைச் சுத்தம் செய்ய இன்னொருவர் தேவைப்படும் நிலை, சொத்தைப் பற்கள், டியூப் உணவு, பல நோய்கள், பல மருந்துகள், புகைப்பழக்கம் ஆகியவை சேர்ந்துதான் ஆளைச் சாய்த்தன. அவற்றில் முன்னால் நின்றது, பிறர் கையால் சாப்பிடுவது.

இதைப் படித்தபோது எனக்கு அந்தத் தங்கையின் முகம்தான் நினைவுக்கு வந்தது. தானே சாப்பிடுகிறவர் தன் வாய் காலியானதும்தான் அடுத்த கவளத்தை எடுப்பார். ஊட்டுகிறவருக்கு அந்த வாய்க்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. அவருக்கு நேரமாகிறது, பாசம் அவசரப்படுத்துகிறது. இனி நான் சொல்லப்போவதெல்லாம் உங்கள் கையின் வேகத்தைப் பற்றியதுதான்.

இரண்டாம் படி: விழுங்குகிறாரா என்று பார்க்கும்வரை வாயில் எதுவும் வேண்டாம்

பக்கவாதமோ மேலே சொன்ன வேறெதுவோ இருந்தால், “சிஸ்டர், விழுங்குற டெஸ்ட் பார்த்தாச்சா?” என்று கேளுங்கள். உட்கார வைத்து, ஸ்பூனால் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரல் வைத்துக் குரல்வளை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்போம். அது சரியாக இருந்தால் 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்வது ஒரு முறை. குடிக்கும்போதோ முடித்த ஒரு நிமிஷத்துக்குள்ளோ இருமல் வந்தாலும், குரல் ஈரமானாலும் தேறவில்லை என்று அர்த்தம். இதை வீட்டார் தாங்களாகச் செய்து பார்க்கக் கூடாது. சக்‌ஷன் மெஷின் (தொண்டையில் தேங்குவதை உறிஞ்சி எடுப்பது) பக்கத்தில் இருக்கும்போது தெரிந்தவர்கள் செய்ய வேண்டியது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் என்ற மூன்றையும் நர்ஸ்களே ஒழுங்காகக் கண்காணித்த இடங்களில் 90 நாளில் இறந்தவர்களும் அன்றாட வேலைக்குப் பிறரை அண்டியிருந்தவர்களும் சேர்ந்து 42 சதவீதம். மற்ற இடங்களில் 58. புது மருந்து எதுவும் அதில் கிடையாது. ஆகவே நீங்கள் கேட்பதை யாரும் தொந்தரவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக்கொண்டாலும் கேளுங்கள்.

பார்க்க வருகிறவர்களைச் சமாளிப்பதும் உங்கள் வேலைதான். கோயில் தீர்த்தம் கொண்டுவருவார்கள், விபூதியை நெற்றியில் இட்டுவிட்டு ஒரு சிட்டிகை வாயிலும் போடுவார்கள். நினைவு தெளியாதவருக்கு அந்தப் பொடி நேராக மூச்சுக்குழாய்க்குப் போகலாம். நெற்றியில் மட்டும் பூசச் சொல்லுங்கள், தீர்த்தத்தைத் தலையில் தெளிக்கச் சொல்லுங்கள். யார் மனமும் நோகாது. கட்டிலின் தலைமாட்டில் “வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது” என்று பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டிவிட்டால் ராத்திரி ஷிஃப்டுக்கு வருகிற உங்கள் தம்பிக்கும் தெரியும்.

ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிறு என்று சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற டாக்டர் 1946-இல் 44,016 பிரசவங்களைப் பார்த்து, மயக்க மருந்தின்போது வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குப் போன 66 பேரைப் பற்றி எழுதினார். பட்டினி விதி இவ்வளவு கண்டிப்பானதற்கு அது ஒரு பெரிய காரணம். வழக்கமாகத் தண்ணீருக்கு 2 மணி நேரம், லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம். பால் கலந்த காபியும் டீயும் சாப்பாட்டுக் கணக்கில் சேரும். உங்கள் டாக்டர் சொல்லும் நேரம்தான் இறுதி. தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: ஊட்டும் முறை

கொடுக்கலாம் என்று சொன்ன பிறகு முதலில் உட்கார வையுங்கள். நாற்காலி முடிந்தால் நாற்காலி. கட்டில்தான் என்றால் தலைப்பக்கத்தை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு. இங்கே ஒரு தவறு நடக்கும்: கட்டில் நிமிர்ந்திருக்கும், ஆள் வழுக்கிக் கீழே போய் வயிறு மடிந்து கிடப்பார். இரண்டு பேர் சேர்ந்து மேலே இழுத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். தலைக்கு மட்டும் தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடியும், உடம்பு நிமிராது.

நாம் அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள். எச்சில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவது மரியாதை, சுத்தம். நோயாளிக்கு அதுவே ஆபத்து. தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாயின் வாசல் விரிந்துகொடுக்கிறது. தண்ணீர் அவர் விழுங்கத் தயாராகும் முன்பே தொண்டைக்குள் விழுகிறது. தாடை சற்றே நெஞ்சை நோக்கி இருக்கட்டும். டம்ளரில் கடைசிக் கொஞ்சத்தைக் குடிக்கத்தான் தலை பின்னால் சாயும், அதனால் டீஸ்பூன் நல்லது. சங்கு, பாலாடை, சிரிஞ்சால் வாயில் பீய்ச்சுவது எதுவும் வேண்டாம்.

நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்துதான் பார்ப்பார். அவர் கண் மட்டத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். பக்கவாதம் என்றால் வலுவுள்ள பக்கக் கன்னத்தில் கொடுங்கள். அரை ஸ்பூன். குரல்வளை ஏறி இறங்குவதைப் பாருங்கள். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே காலியா என்று பார்த்துவிட்டு அடுத்தது. அவரால் ஸ்பூனைப் பிடிக்க முடிந்தால், அவர் கையைப் பிடித்து அவரையே கொண்டுபோக விடுங்கள். தன் கை வாய்க்கு வரும்போது தொண்டை தயாராகிவிடும்.

என்ன கொடுப்பது? தண்ணீர் லேசானது, பாதுகாப்பானது என்று நினைக்கிறோம். தளர்ந்த தொண்டைக்கு வேகமாக ஓடும் தண்ணீர்தான் கஷ்டம். ரசஞ்சாதம் இன்னும் மோசம்: சோறு வாயில் நிற்கும்போதே ரசம் தனியாகப் பிரிந்து இறங்கிவிடும். சோற்றுப்பருக்கை மிதக்கும் கஞ்சி, சாம்பாரில் ஊறிய இட்லி, டீயில் நனைத்த பிஸ்கட் எல்லாம் இதே ரகம். நன்றாகக் குழைத்து மசித்து, நீர் பிரியாமல் ஒரே பதத்தில் இருக்கும் தயிர்சாதம், பருப்புசாதம், மசித்த வாழைப்பழம், கெட்டிக் கூழ் பரவாயில்லை. ஒட்டிக்கொள்ளும் களி, உதிரும் பொரி வேண்டாம். எந்தப் பதம் என்பதை விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்ட் இருந்தால் அவரிடமே கேளுங்கள். தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடரும் அவர் சொன்னால் மட்டுமே. அதைப் பிடிக்காமல் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் உண்டு, ஆகவே ஒரு நாளைக்கு எவ்வளவு உள்ளே போனது என்று எழுதி வையுங்கள்.

பேச்சுக் கொடுக்காதீர்கள், சிரிக்க வைக்காதீர்கள், போனில் வீடியோ கால் போட்டுப் பேரனைக் காட்டாதீர்கள். சாப்பிட்டு முடியட்டும். களைத்துப்போனால் பாதியில் நிறுத்துங்கள். தட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம். முடிந்ததும் டார்ச் அடித்துக் கடைவாயைப் பாருங்கள். வலுவிழந்த பக்கக் கன்னத்தில் மதியச் சோறு இரவுவரை ஒதுங்கிக் கிடந்ததை நான் எடுத்திருக்கிறேன். அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை படுக்க விடாதீர்கள்.

மூக்கு டியூப் இருந்தால்

டியூப் போட்டாயிற்று, இனி புரையேறாது என்று நினைக்க வேண்டாம். எச்சில் இன்னும் தொண்டை வழியாகத்தான் இறங்குகிறது. வயிற்றின் மேல்வாசல் டியூப்பால் சற்றுத் திறந்தே இருக்கிறது. பசிக்குத் தீர்வு, மருந்து கொடுக்க வழி, அவ்வளவுதான்.

மூக்கருகே டியூப்பில் தெரியும் எண்ணை எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் அதே எண்தானா என்று பாருங்கள். மாறியிருந்தாலோ, பெரிதாக இருமியிருந்தாலோ, வாந்தி எடுத்திருந்தாலோ நர்ஸ் வந்து பார்க்கும்வரை எதையும் விடாதீர்கள். காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்பதை மட்டும் நம்ப முடியாது, டியூப் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம். முதல் தடவை எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. கஞ்சியைச் சிரிஞ்சால் அழுத்தித் தள்ளாதீர்கள். பிளஞ்சரை (அழுத்தித் தள்ளும் தண்டை) எடுத்துவிட்டு, தானாக இறங்க விடுங்கள். கொடுத்த கையோடு புரட்டுவது, உடம்பு துடைப்பது, சக்‌ஷன் போடுவது வேண்டாம்.

மற்ற நேரங்களிலும் தலைமாடு 30 முதல் 45 டிகிரிவரை உயர்ந்தே இருக்கட்டும், டாக்டர் வேண்டாமென்று சொன்னாலொழிய. பார்சிலோனாவில் வெண்டிலேட்டர் நோயாளிகளிடம் செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், மல்லாந்து படுத்திருந்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு நிமோனியா என்று சந்தேகம் வந்தது. தலையை உயர்த்தி வைத்தவர்களில் 8 சதவீதம்தான். கட்டிலைச் சுழற்றும் கைப்பிடி உடைந்திருந்தால் சொல்லி மாற்றுக் கட்டில் கேளுங்கள்.

வாய்

டியூப்பில் சாப்பிடுகிறவர் மெல்லுவதில்லை, அதனால் வாய் தானாகச் சுத்தமாவதில்லை. மூன்றே நாளில் நாக்கின்மேல் மஞ்சள் படலம் பிடித்து, அண்ணத்தில் காய்ந்த கோழை பட்டை பட்டையாக ஒட்டிவிடும். அந்தக் கிருமிகள்தான் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகின்றன. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் பார்த்தார்கள். வாயை ஒழுங்காகச் சுத்தம் செய்தவர்களில் 11 சதவீதம் பேருக்கும், அப்படிச் செய்யாதவர்களில் 19 சதவீதம் பேருக்கும் நிமோனியா வந்தது.

மெல்லிய பிரஷ், துளிப் பேஸ்ட், தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். தலையை ஒருபக்கம் சாய்த்து, காலையும் இரவும் பல், ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் துலக்குங்கள். கொப்பளிக்கச் சொல்லாதீர்கள், வழிவதைத் துணியால் ஒற்றி எடுங்கள். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். பல்லே இல்லாதவருக்கும் ஈறும் நாக்கும் உண்டு. மவுத்வாஷ் துலக்குவதற்கு ஈடாகாது.

எப்போது சிஸ்டரை எழுப்ப வேண்டும்

சாப்பிட்டபின் குரல் ஈரமாகிவிட்டது, நெஞ்சில் கொறகொறவென்று சத்தம், கண்ணில் நீர், மூக்கு வழியாகத் திரும்பி வருவது, காய்ச்சல், நாற்றமுள்ள சளி ஆகியவற்றில் எது வந்தாலும் சொல்லுங்கள். மூச்சை ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுங்கள், 24-க்கு மேல் போனால் காத்திருக்காதீர்கள். விரலில் மாட்டும் மீட்டரில் ஆக்சிஜன் வழக்கத்தைவிட இறங்கினாலும் அப்படியே. வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே இருக்காது. நேற்றுத் தெளிவாக இருந்தவர் இன்று உளறுவார், அல்லது எழுப்பினால் எழமாட்டார். அதுவும் அறிகுறிதான்.

அந்த நிமிஷமே புரையேறினால்: ஊட்டுவதை நிறுத்துங்கள். தண்ணீர் கொடுத்து இறக்கப் பார்க்காதீர்கள். முன்னால் சாய்த்து இரும விடுங்கள். உட்கார முடியாதவரை ஒருக்களித்துத் திருப்பி, வாயில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் துடைத்தெடுத்துவிட்டுக் குரல் கொடுங்கள். சத்தமே வராமல் முகம் நீலமானால் கூடவே இருந்து வார்டே கேட்கும்படி கத்துங்கள்.

என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். யாராவது திட்டுவார்கள் என்று பயந்து “ஒண்ணுமே கொடுக்கலை” என்று சொல்லிவிட்டால், நாங்கள் காய்ச்சலுக்கு வேறெங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்போம். ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கட்டிலோரம் வையுங்கள்: நேரம், உணவு, அளவு, இருமினாரா, குரல் எப்படி இருந்தது. டிஸ்சார்ஜ் அன்று அதையே எடுத்துக்கொண்டு வந்து, எந்தப் பதத்தில் சாப்பாடு, டியூப்பை என்றைக்கு மாற்றுவது, விழுங்கும் டெஸ்டை மறுபடி எப்போது பார்ப்பது என்று கேட்டு, கடைசிப் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.